மலைவீட்டுச் சோலார்: அனுமதி யாரிடம்?

கேள்வி: ஊராட்சிப் பகுதியில் தகரக் கூரை வீடு. 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறோம். பிளான் அப்ரூவல், ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி எல்லாம் வேண்டும் என்கிறார்கள். இபி இணைப்பு காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. - வாசகி, கோத்தகிரி

பதில்: கூரையை ஒட்டிப் பேனல் பதிக்க இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. விண்ணப்பம், வீட்டுக் கூரை சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டமான பி.எம். சூர்யா கர் இணையதளம் வழியாக மின்வாரியத்துக்குப் போகிறது. அந்தப் படிவத்தில் ஊராட்சிச் சான்று கேட்கும் கட்டமே கிடையாது. ஆனால் ஆளுயரத் தூண் நிறுத்தி, கீழே புழங்கும்படி ஷெட் எழுப்பினால் கதை வேறு. அதைக் கட்டுமானமாகப் பார்ப்பார்கள். ஊராட்சியில் முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். 10 கிலோவாட் வரையான விண்ணப்பம் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அதற்கேற்ப வீட்டுக்கு அனுமதித்த மின் லோடை உயர்த்த வேண்டியிருந்தால் அதுவும் மின்வாரியத்தின் பொறுப்பு. பொருத்தி முடித்த பின் இயக்கிவைக்க 15 நாள் கெடு.

உங்களுக்கு முடிச்சு விழுவது மாமனார் பெயரில்தான். விண்ணப்பதாரர், இபி இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் மானியம் கடைசிக் கட்டத்தில் நின்றுவிடும். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், சொத்து வரி ரசீது ஆகியவற்றை வைத்துப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். புதுப் பெயரில் பில் வந்த பிறகு சோலாருக்குப் பதிவு செய்யலாம். "பின்னாடி பாத்துக்கலாம்" என்கிற வெண்டரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000. ஆக ரூ.78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் இதே தொகைதான். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பான டிசிஆர் வகையாக இருக்க வேண்டும். மேலே ஏற்றும் முன் ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

540 வாட் பேனல் 6 போதும். சுமார் 16 சதுர மீட்டர் இடம் பிடிக்கும். ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும். கிளாம்பை வெறும் தகரத்தில் முடுக்கினால் ஆடிக் காற்று பேனலோடு தகரத்தையும் தூக்கிவிடும். போல்ட் அடியிலுள்ள சட்டத்தில் இறங்க வேண்டும், ரப்பர் வாஷரோடு. துருவேறிய தகரம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். பேனல் ஏறிய பிறகு ஒழுகினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

கேள்வி: 12 பேனல்களையும் ஒரே வரிசையில் இணைத்தார்கள். உறைபனி விழுந்த காலையில் இன்வெர்ட்டர் பிழை காட்டி நிற்கிறது. ஏன்? - வாசகர், ஊட்டி

பதில்: குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். எதனோடும் இணைக்காத திறந்த நிலையில் 49.5 வோல்ட் தரும் பேனல் 12 சேர்ந்தால் 594. இது 25 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ 0.27 சதவீதம் கூடும்; 0 டிகிரியில் 634 ஆகிவிடும். உங்கள் இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 600 என்றால் பிழை காட்டியது உங்கள் அதிர்ஷ்டம், போர்டே கருகியிருக்கும். இரண்டு உள்ளீடு இருந்தால் ஆறு ஆறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சமவெளியில் போட்டுப் பழகியவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கேள்வி: தெற்கே நிற்கும் சில்வர் ஓக் மரம் பேனல் மேல் நிழல் போடுகிறது. சொந்த மரம்தானே, வெட்டலாமா? - வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி பட்டா நிலத்து மரமானாலும் குழுவின் முன் அனுமதி வேண்டும். சோலாரைவிட இந்த அனுமதிதான் நாள் இழுக்கும். ஒரு பேனலில் பாதி நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் உற்பத்தி சரியும். பேனலை வேறு சரிவுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் போடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனாலும் சோலார் ஓடுமா? - வாசகி, குன்னூர்

பதில்: பேட்டரி இல்லாத நெட் மீட்டர் சோலார் (மிச்ச மின்சாரத்தை மின்வாரிய லைனுக்கு அனுப்பிக் கணக்கில் கழிப்பது) ஓடாது. லைனில் வேலை செய்யும் வயர்மேனுக்கு உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்று இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் இருட்டாகும் ஊரில் லைனோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சின்ன பேட்டரியும் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்களுடையது 17-ஆவது பிரிவு ஜென்ம நிலம் (கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமைச் சிக்கல் உள்ள நிலம்). இபி இணைப்பே இல்லை. மானியம் வருமா? - வாசகர், கூடலூர்

பதில்: வராது, இந்தத் திட்டம் இணைப்பு எண் உள்ள வீடுகளுக்கே. பேட்டரியோடு தனி சோலார் போட மின்வாரியத்தின் நெட் மீட்டர் தேவையில்லை. தென்மேற்குப் பருவமழையில் மூன்று நாள் வெயில் வராது என்று வைத்துப் பேட்டரியைக் கணக்கிடுங்கள். முதலில் விளக்கு, ஃபோன், டிவி மட்டும்.