சாயக்கழிவுக்குக் காளான் நொதி: கேள்வி-பதில்

கேள்வி: பரமக்குடியில் சிறிய சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். லாக்கேஸ் (காளானிலிருந்து எடுக்கும், சாயத்தை உடைக்கும் நொதி) பொடி போட்டும் கழிவுநீரின் நிறம் குறையவில்லை. பொடி போலியா?

பொடியைக் குறை சொல்லுமுன் தண்ணீரைப் பாருங்கள். ரியாக்டிவ் சாயத் (பருத்தியோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் சாயம்) தொட்டியில் பி.எச். (அமில-கார அளவு) 10, 11 இருக்கும், அதாவது கடும் காரம். காளான் லாக்கேஸ் பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான் நன்றாக வேலை செய்யும். அதைவிடப் பெரிய எதிரி உப்பு. சாயம் ஏற லிட்டருக்கு 40–60 கிராம் சோற்றுப்பு போட்டால், அதிலுள்ள குளோரைடு நொதியின் செம்பு மையத்தைத் தடுத்துவிடும். போர் தண்ணீரும் உவர்ப்பு என்றால் கேட்கவே வேண்டாம். கிளாபர் உப்புக்கு (சோடியம் சல்பேட்) மாறினால் இந்தத் தடை வெகுவாகக் குறையும்.

சாயத்தொட்டி நீரையும் அலசல் நீரையும் ஒன்றாக விடாதீர்கள். அலசல் நீரை மட்டும் தனியாகப் பிடித்து, நீர்த்த கந்தக அமிலத்தால் பி.எச். 5-க்கு இறக்குங்கள். சாயம் ஏற்றப் போட்ட சலவைச் சோடா இருப்பதால் நுரை பொங்கும்; அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பிறகு நொதியைக் கலந்து காற்று செலுத்துங்கள். லாக்கேஸுக்கு ஆக்சிஜன் கட்டாயம். வாட் வகைச் சாயத்தைக் கரைக்கப் போடும் ஹைட்ரோ (சோடியம் ஹைட்ரோசல்பைட்) மிச்சமிருந்தால் அந்த ஆக்சிஜனை அதுவே தின்றுவிடும்.

கேள்வி: நீலம் வெளுக்கிறது, கறுப்பு அசையவே மாட்டேன் என்கிறது. ஏன்? (கீழக்கரை)

சாயத்தின் மூலக்கூறு அமைப்புதான் காரணம். நீலச் சாயமான ரியாக்டிவ் புளூ 19 ஆந்த்ரகுவினோன் வகை, லாக்கேஸுக்கு எளிது. கறுப்புச் சாயமான ரியாக்டிவ் பிளாக் 5 இரட்டை அசோ வகை (இரண்டு நைட்ரஜன்-நைட்ரஜன் இணைப்புகள் கொண்டது). இடையூக்கி (நொதிக்கும் சாயத்துக்கும் நடுவில் எலக்ட்ரானைக் கடத்தும் சிறு மூலக்கூறு) சேர்க்காமல் பெரும்பாலும் மசியாது. சிரிங்கால்டிஹைடு போன்றவை உதவும். ஆனால் இடையூக்கியும் ஒரு வேதிப்பொருள்தான், அதுவும் கழிவில் சேரும்.

கேள்வி: சிப்பிக் காளான் அறுவடை முடிந்த வைக்கோலில் நொதி எடுக்கலாமா? (தேவிபட்டினம்)

எடுக்கலாம், மலிவான வழி. பச்சைப் பூசணம் பிடித்த பைகளைக் கழித்துவிடுங்கள். ஒரு கிலோ ஈர வைக்கோலுக்கு ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, நிழலில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் பிழியுங்கள். அன்றே பயன்படுத்துங்கள், நம் வெயிலுக்கு மறுநாள் நாறும்.

நேரே தொட்டியில் கொட்டாமல் முதலில் பாட்டிலில் சோதியுங்கள். மூன்று பாட்டில்களில் தலா ஒரு லிட்டர் கழிவுநீர். ஒன்றில் 100 மில்லி சாறு, இன்னொன்றில் 15 நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய 100 மில்லி சாறு, மூன்றாவதில் 100 மில்லி வெறும் தண்ணீர். 24 மணி நேரம் கழித்து முதல் இரண்டும் ஒரே அளவு வெளுத்திருந்தால் அது நொதியின் வேலை அல்ல. வைக்கோல் துகளில் சாயம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கொதித்த பாட்டிலை வைக்காத சோதனையை நம்பாதீர்கள். சாறே பழுப்பு நிறம், அதற்கும் சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) உண்டு என்பதால் அளவைக் கூட்டக் கூட்டப் பலன் கூடாது.

கேள்வி: நிறம் போனபின் ஓடையில் விடலாமா?

கூடாது. நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் நீரிலேயே இருக்கும். சில, பழைய சாயத்தைவிட நச்சு. டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்பு முதலான திடப்பொருள்) ஒரு துளியும் குறையாது, சாயத்திலுள்ள உலோகமும் போகாது. உள்நாட்டு நீர்நிலையில் விட பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. 250 மில்லிகிராம்/லிட்டர் உச்சவரம்பு. நொதிக்குப் பிறகு உயிரியல் சுத்திகரிப்பும், உப்புக்கு ஆர்.ஓ.-வும் (சவ்வு வழி வடிகட்டல்) வேண்டியிருக்கும்.

கேள்வி: மண்டபத்தில் மீன் பதப்படுத்தும் கழிவுநீருக்கு லாக்கேஸ்?

அங்கே அதற்கு வேலையே இல்லை. உங்கள் பிரச்சினை புரதமும் கொழுப்பும். லைப்பேஸ் (கொழுப்பை உடைக்கும் நொதி) ஊற்றினால் கொழுப்பு பிரிந்து ஓடி, குழாயின் அடுத்த வளைவில் மறுபடி உறையும். முதலில் கொழுப்புப் பொறித்தொட்டியைத் தவறாமல் வழித்தெடுங்கள். தரை கழுவிய குளோரின் நீரை உயிரியல் தொட்டிப் பக்கம் விடாதீர்கள், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.