பிக்கப்பைத் திட்டும் முன்: கிட்டார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகைக் கிட்டாரைப் பற்றியவை. இரண்டு ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்), மூன்று நிலை சுவிட்ச், கையைக் கடிக்காத விலை. பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி. கேட்டவர்களில் பலர் குற்றவாளியையும் தாங்களே பிடித்து வைத்திருக்கிறார்கள்: பிக்கப் மட்டம், மாற்றிவிடலாமா? எனக்கு அதில் அவ்வளவு சீக்கிரம் சம்மதமில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஹம்பக்கர் என்றால் இரைச்சலே வராது என்றார்கள். ஆனால் ஆம்பில் செருகியதும் என் கிட்டார் உறுமுகிறது. கம்பிகளைத் தொட்டால் அடங்கிவிடுகிறது. பிக்கப் பழுதா?

பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. இரைச்சலில் இரண்டு சாதி உண்டு. ஹம்பக்கர் விரட்டுவது ஒன்றைத்தான்.

முதலாவது, மின்மாற்றிகளிலிருந்தும் வயர்களிலிருந்தும் வரும் காந்தப்புல முனகல். வீட்டு மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் துடிப்பதால் பிறப்பது. கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் இதற்காகத்தான் இரண்டு காயில்களை (கம்பிச் சுருள்களை) அருகருகே வைத்தார். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக உண்டாகிக் கழிந்துபோகும். கம்பியின் அதிர்வோ இரண்டு முறை திரும்பி நேராகிவிடுவதால் கூடிக்கொள்ளும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், கிடைத்தது 1959இல். இடைப்பட்ட காலத்துப் பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினார்கள். அந்தச் சீட்டின் பெயரைச் சொல்லி இன்றைக்கும் பிக்கப் விற்கிறார்கள்.

இரண்டாவது சாதி, மின்புலத்தால் வரும் 'ஸ்ஸ்ர்ர்' என்ற சத்தம். டிம்மர் விளக்கு, மட்டமான சார்ஜர், எல்இடி டிரைவர் எல்லாம் இதற்குத் தாய்வீடு. இது காயிலுக்குள் மட்டுமல்ல, கிட்டார் வயிற்றுக்குள் ஓடும் ஒவ்வொரு வயரிலும் ஏறும். உங்கள் உடம்பும் ஒரு ஆன்டெனாதான். கம்பிகளைத் தொடும்போது பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) வழியாக உடம்பு கிரவுண்டோடு சேர்ந்து ஒரு திரை மாதிரி ஆகிவிடுகிறது, சத்தம் குறைகிறது. ஆகவே உங்கள் கிரவுண்ட் வயர் ஒழுங்காக இருக்கிறது, இல்லாதது உள்ளே கவசம். பின்மூடியைத் திறந்து, பசைப்பக்கமும் மின்சாரம் கடத்தும் செம்பு டேப்பை அறை முழுவதும் ஒட்டி, அதிலிருந்து ஒரு வயரைக் கிரவுண்டில் சாலிடர் செய்யுங்கள். ஒரு மாலை நேர வேலை.

கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, கேபிள் பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்குகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. தொட்டால் சத்தம் கூடுகிறது என்றால் ஜாக்கில் (கேபிள் செருகும் துளையில்) இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கலாம். தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். அது ஆம்பின் எர்த் கோளாறு. கிட்டாரைக் கழற்றிவிட்டு, தெரிந்த மின்பணியாளரிடம் காட்டும்வரை அந்த ஆம்பைத் தொட வேண்டாம்.

ஒரு பாட்டு முடிவதற்குள் மூன்றாவது கம்பி சுருதி விலகிவிடுகிறது. டியூனிங் கீகளை மாற்றவா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். காசு சேர்த்து ஆறு கீயையும் மாற்றினேன், பழைய துளைகளை மூடிப் புதுத் துளை போட்டேன், நாள் முழுக்கப் போனது. மூன்றாவது கம்பி கொஞ்சமும் திருந்தவில்லை. கோளாறு நட்டில் இருந்தது, அதாவது தலைக்குக் கீழே கம்பிகள் பள்ளத்தில் உட்கார்ந்து போகும் சின்னக் கட்டையில்.

தலையில் மூன்று கீ இந்தப் பக்கம், மூன்று கீ அந்தப் பக்கம் என்று இருக்கும் கிட்டாரில், நடுவிலுள்ள மூன்றாவது, நான்காவது கம்பிகள் நட்டைத் தாண்டியதும் மற்றவற்றைவிட அதிகமாகப் பக்கவாட்டில் வளைகின்றன. பள்ளம் ஒரு மயிரிழை இறுக்கமாக இருந்தாலும் கம்பி அங்கே சிக்கும். நீங்கள் கம்பியை இழுத்து வளைத்து வாசித்துவிட்டு விட்டால் அது முழுதாகத் திரும்பி வராது. சுருதி ஏற்றும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டு, சுருதி திடீரென்று குதித்தால் சந்தேகமே வேண்டாம்.

கம்பியைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தில் மென்மையான பென்சிலால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கரி நல்ல மசகு. அதற்கும் மசியவில்லை என்றால் அந்தக் கம்பியின் கனத்துக்கான நட் அரம் வேண்டும். பக்கங்களை மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. அடி இறங்கிவிட்டால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) மோதி அலறும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியதுதான். கை நடுங்குகிறவர்கள் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

கூடவே: கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். புதுக் கம்பியைக் கையால் இழுத்து இழுத்துச் சுருதி சேருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள்.

சரி, பிக்கப்பை மாற்றினால் விலை உயர்ந்த கிட்டார் போலக் கேட்குமா?

முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுங்கள். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, பிக்கப் முனைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். நெக் (கழுத்து) பக்கப் பிக்கப்புக்குச் சுமார் 2.4 மில்லிமீட்டர், பிரிட்ஜ் பக்கத்துக்கு 1.6 என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. இந்த விலைக் கிட்டார்களில் இரண்டையும் கம்பியை உரசுகிற அளவுக்கு ஏற்றி வைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் எல்லாம் கூழாகக் கேட்கும். நெக் பிக்கப்பை இறக்கியதும் பாதி 'மந்தம்' போய்விடும். அங்கே கம்பி அகலமாக ஆடுகிறது, அடிநாதம் ஓங்கியிருக்கிறது. அதை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனால் கூழாகாமல் என்ன செய்யும்?

அடுத்து பாட்களை, அதாவது குமிழ்களுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடைகளைப் பாருங்கள். ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500 கிலோ ஓம். சிங்கிள் காயிலுக்கு 250. சிக்கனம் கருதி ஹம்பக்கர் கிட்டாரில் 250 போட்டிருந்தால் மேல்ஸ்தாயி மினுமினுப்பு கிரவுண்டுக்குக் கசிந்துபோகும். பாட்டின் முதுகிலேயே எண் அச்சிட்டிருக்கும். டோன் கெபாசிட்டர் 0.022 மைக்ரோ ஃபாரட் இருந்தால் போதும். இதற்கெல்லாம் ஆகும் செலவு புது பிக்கப்பின் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

இவ்வளவும் செய்த பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் கிலோ ஓம் எண்ணைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 7, 8 கிலோ ஓம் என்றால் பழைய பாணியில் சுற்றியது, 14, 16 என்றால் சுற்று அதிகம், சத்தம் பெரிது, மேல்ஸ்தாயி குறைவு என்று தோராயமாகச் சொல்லலாம். காயிலில் சுற்றிய கம்பியின் கனமும் காந்தத்தின் வகையும் தெரியாமல் அந்த எண் மட்டும் எதையும் உறுதியாகச் சொல்லாது.

குமிழை மேலே இழுத்தால் சிங்கிள் காயில் ஆகும் என்கிறார்கள். அப்படியானால் என்னிடம் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இருப்பதாக அர்த்தமா?

ஆசை நியாயமானது. குமிழை இழுத்தால் ஒரு காயில் கிரவுண்டாகி ஓய்வெடுக்கிறது, மற்றது வேலை செய்கிறது. சத்தம் மெலிந்து தெளியும், அளவிலும் குறையும், போன முனகல் திரும்பி வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்பது ஃபெண்டரின் சிங்கிள் காயில் கிட்டார், அதற்குக் கம்பி நீளமே 648 மில்லிமீட்டர். ஹம்பக்கர் கிட்டார்களில் பல 628 பக்கம். இழுவிசை வேறு, பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. சாயல் வரும், அவ்வளவுதான். எனக்கென்னவோ இரண்டு காயிலையும் பேரலலில் இணைப்பதுதான் பிடிக்கும்: தெளிவும் உண்டு, முனகலும் இல்லை. எதைச் செய்வதானாலும் பிக்கப்பிலிருந்து நான்கு வயர் வெளியே வந்திருக்க வேண்டும்.

9 கம்பியா, 10 கம்பியா?

கேட்பது எண்ணிக்கையை அல்ல, மிக மெல்லிய கம்பியின் கனத்தை, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. 628 மில்லிமீட்டர் கிட்டார் என்றால் 10இல் தொடங்குங்கள். விரல் நோகிறதா, 9க்கு இறங்குங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கம்பி மாற்றியதிலிருந்து ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கிறது.

கனம் மாறினால் இழுவிசை மாறும், நெக்கின் வளைவும் மாறும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டை) தளர்த்த வேண்டும், பள்ளத்தாக்கு போல இருந்தால் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், பிறகு சுருதி சேர்த்து மறுபடி அளவெடுங்கள். ராட் திரும்ப மறுத்தால் பலப்பரீட்சை வேண்டாம்.

நெக் சரியானபின் 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்: மெல்லிய பக்கம் 1.5, தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர். கடைசியாக, 12இல் அழுத்தி வாசிக்கும் சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரத்தைவிட) ஏறிக் கேட்டால், பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் துண்டான சாடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஆம்பில் கேட்காத கரகரப்பு என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

வால்யூம் குமிழைத் திருப்பினால் 'கரகர', கேபிளை அசைத்தால் சத்தம் போய்ப்போய் வருகிறது.

முதலாவதற்கு, எச்சம் விடாத கான்டாக்ட் க்ளீனரைப் பாட்டின் சந்துக்குள் அடித்து இருபது முப்பது தடவை திருப்புங்கள். இரண்டாவது, ஜாக்கை வெளியே இறுக்கிப் பிடிக்கும் உலோக நட் தளர்ந்திருக்கும். அதை வெளியிலிருந்து மட்டும் முறுக்கினால் உள்ளே ஜாக்கும் கூடவே சுற்றி வயரை அறுத்துவிடும். தகட்டைக் கழற்றி, உள்ளே பிடித்துக்கொண்டு முறுக்குங்கள்.

ஆம்ப் இல்லை. கணினியின் மைக் துளையில் நேராகச் செருகினேன். தகர டப்பாவுக்குள் கம்பளி போட்டு அமுக்கியது போல இருக்கிறது. இதற்காவது பிக்கப்பைக் குறை சொல்லலாமா?

கூடாது. காந்தப் பிக்கப்புக்குச் சுமார் 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும். மைக் துளையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மேல்ஸ்தாயி எல்லாம் அங்கேயே செத்துப்போகும். கிட்டாருக்கென்று தனி உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் சின்னதாக ஒன்று போதும். அதில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற பொத்தான் இருந்தால் அழுத்த மறக்காதீர்கள். அதை அழுத்தாமலேயே ஒரு வருடம் வாசித்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.