மீன் குஞ்சு விட்ட மறுநாளே நீர்க்காகமும் தூண்டிலும் வந்துவிடுகின்றன, என்ன செய்வது?

கேள்வி: மாதவரத்தை அடுத்த வடபெரும்பாக்கம் பக்கம் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு ஏக்கர் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். போன ஆவணியில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகளைக் கலந்து இரண்டு அங்குலக் குஞ்சு 3,000 விட்டோம். மறுநாள் காலையிலேயே நீர்க்காகக் கூட்டம், கரையில் தூண்டிலோடு பையன்கள். பங்குனியில் வலை போட்டால் 400 மீன்கூடத் தேறவில்லை. அமெரிக்காவில் லாரியில் கொண்டுவந்து டிரவுட் என்ற குளிர்நீர் மீனை விடுகிற வீடியோக்களிலும் இதே கூட்டத்தைப் பார்க்கிறோம். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? டிரவுட்டை நாமும் விடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். விட முடியாது. ரெயின்போ டிரவுட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 25ஐத் தாண்டினால் உயிர் பிழைப்பதே கஷ்டம். அது நீலகிரி மாதிரி மலைக்கு உரிய மீன். அங்கேயும் எச்.சி. வில்சன் என்பவர் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் நிலைத்தது. மாதவரம் வெயிலில் அதற்கு வேலையில்லை.

ஆனால் அந்த வீடியோக்களிலிருந்து கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. அங்கே லாரியிலிருந்து கொட்டுவது குஞ்சு இல்லை, பெரும்பாலும் பத்து அங்குல மீன். சிமென்ட் தொட்டியில் வளர்ந்து, மேலிருந்து விழும் தீவனத்தைத் தின்றே பழகியது. தலைக்கு மேல் நிழல் தெரிந்தால் ஒளிந்துகொள்ளாது, சாப்பாடு வருகிறது என்று மேலே வரும். கொக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? கலிஃபோர்னியா ஏரிகள் சிலவற்றில் இப்படி விடும் டிரவுட்டைத் தின்றே பாஸ் என்ற வேட்டை மீன்கள் கொழுத்துப்போகின்றன. அந்த பாஸைப் பிடிக்க டிரவுட் வடிவத்திலேயே பெரிய பொம்மை இரை செய்து தூண்டிலில் மாட்டுகிறார்கள். மனிதர்களும் லாரி வரும் நாளைத் தெரிந்துகொண்டு பின்னாலேயே போகிறார்கள்.

அங்கே மீன் பிடிபட வேண்டும் என்பதற்காகவே விடுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். டெக்சஸில் குளிர்காலத்தில் மட்டும் விடுவார்கள். கோடையில் எப்படியும் செத்துவிடும், அதற்குள் யாராவது பிடித்துச் சாப்பிட்டால் சரி என்ற கணக்கு. உங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டுதான்: பெரிதாக வளர்த்து விடுவது, ஒரே இடத்தில் கொட்டாமல் பல இடங்களில் பரப்பி விடுவது.

இரண்டு அங்குலக் குஞ்சு ஒன்று இரண்டு கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் தின்னும் ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு 50 குஞ்சு போய்விடும். அதே பறவைக்கு 20 கிராம் குஞ்சு என்றால் ஐந்துதான். நாலைந்து அங்குலத்துக்கு மேல் போனால் சின்ன நீர்க்காகத்துக்கு விழுங்குவதும் சிரமம். அதனால் அடுத்த முறை குஞ்சை நேராகக் குளத்தில் விடாதீர்கள். ஓரமாக நாலைந்து சென்ட்டில் ஒரு நாற்றங்கால் குட்டை வெட்டி, மேலே பறவை வலை போட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்துப் பிறகு மாற்றுங்கள். ஒரு ஏக்கருக்கு வலை போடக் கட்டாது, நாலு சென்ட்டுக்குப் போடலாம். பெரிய குஞ்சாகவே வாங்கலாமே என்றால் விலையும் கூட, வண்டியில் சாவதும் கூட.

மாற்றும் வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். நீர்க்காகம் பகலில் வேட்டையாடுவது. ஓர் இரவு கிடைத்தால் குஞ்சு ஆழம் பார்த்துப் போய்விடும். வாங்கிய குஞ்சைக் குட்டையில் விடும்போது பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். குளத்துக்குள் பனை மட்டையும் முள் கிளையும் ஐந்தாறு இடத்தில் குவித்துப் போடுங்கள். வலை இழுக்கும்போது எடுத்துவிடலாம், திருட்டு வலை வீசுகிறவனுக்கும் அது தலைவலி. கரை ஓரத்தைச் சரிவாக விடாமல் இரண்டடி ஆழமாக வெட்டினால் கொக்கு நின்று கொத்த இடம் இருக்காது. வெடி போடுவது, தகரம் தட்டுவது எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான்; பிறகு அதற்கும் பழகிவிடும். சுடுவது, பொறி வைப்பது கூடவே கூடாது. நீர்க்காகம், கொக்கு, கூழைக்கடா எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன.

ஆனால் 2,600 மீனையும் பறவைதான் தின்றது என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில், 3,000 குஞ்சு உண்மையில் வந்ததா? கப்பில் அளந்து கொடுத்தால் ஒரு கப்பை உங்கள் கண்முன் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வந்ததில் எத்தனை பிழைத்தது? நூறு குஞ்சை எண்ணி, தண்ணீரில் கட்டிய ஹாப்பா வலைப்பெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். முப்பது செத்தால் மற்றதிலும் அதே விகிதம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். செத்த குஞ்சு அடியில் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது விரால். குளத்தை வற்றவைத்தாலும் சேற்றுக்குள் புதைந்து பிழைத்துக்கொள்ளும். கெளுத்தியும் சேர்ந்தால் இரவு பகல் என்றில்லாமல் குஞ்சு குறையும். வைகாசியில் தண்ணீர் குறைந்ததும் முழுதாக இறைத்து, தரை வெடிக்கும்வரை காயவிடுங்கள். முடியாவிட்டால் இலுப்பைப் புண்ணாக்கு: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ. இருக்கிற மீன் எல்லாம் மேலே வந்துவிடும். விஷம் முறிய மூன்று வாரமாவது ஆகும், அதற்குள் குஞ்சு விடக்கூடாது, தண்ணீரை வெளியே திறந்துவிடவும் கூடாது. அதன் பிறகு அதுவே குளத்துக்கு உரம்.

பையன்கள் விஷயத்தில் நான் உங்களோடு கொஞ்சம் மாறுபடுவேன். மைதா உருண்டையும் மண்புழுவும் வைத்துக் கரையோரம் போடும் தூண்டிலில் பெரும்பாலும் மாட்டுவது ஜிலேபி மீன்தான். அது உங்கள் கெண்டைகளின் தீவனத்தைத் தின்று, கட்டுப்பாடில்லாமல் குஞ்சு பொரித்துக் குளத்தையே அடைத்துக்கொள்கிற மீன். அது போனால் லாபம். குஞ்சு மாற்றிய முதல் ஒரு மாதம் யாரும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு கரையை மட்டும் விட்டுக்கொடுத்து, ஜிலேபி, விரால் பிடித்தால் உனக்கு, கட்லா மாட்டினால் திருப்பி விடு என்று பேசிக்கொள்ளுங்கள். விரட்டினால் ராத்திரி வலையோடு வருவார்கள். விட்டுக்கொடுத்தால் ராத்திரி வலை போடுகிறவன் யார் என்று உங்களிடம் வந்து சொல்வதும் அவர்கள்தான்.

தீவனத்தை வாரி இறைக்காதீர்கள். கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, கழியில் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளக்கிற பழக்கம் வராது.

இன்னொரு சந்தேகம், நீங்கள் எழுதாதது: ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் வழி) வழிந்ததா? ஆவணியில் விட்ட குஞ்சு அப்போது விரல் நீளம்தான் இருக்கும், தண்ணீர் ஓடும் பக்கம் எதிர்த்தும் போகும், கூடவும் போகும். அப்படிப் போயிருந்தால் உங்கள் மீன் இப்போது கொசஸ்தலை ஆற்றில் இருக்கும். புரட்டாசி முடிவதற்குள் கலங்கலிலும் வரத்துக் காலிலும் மூங்கில் தட்டியோடு சேர்த்துச் சின்னக் கண் வலை கட்டுங்கள். மழை நாளில் தினமும் குப்பையை எடுத்துவிட ஆள் வையுங்கள். அடைத்துக்கொண்டால் கரையே உடைந்துவிடும்.