அடிமண்ணுக்கு வழி திறக்கும் வேர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இயற்கை முறையில் பயிர் செய்யும் வயலுக்கு ஆண்டுதோறும் தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இடுகிறேன். மேல்மண் பொலபொலவென்று இருந்தும், சில நாள் மழை தவறினாலே பயிர் வாடிவிடுகிறது. ஆழமாக வேர்விடும் பயிர்கள் அடிமண்ணை வளப்படுத்தும் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான்; ஆனால் அதன் பலனை அந்தப் பயிரிடம் எதிர்பார்க்காமல், அடுத்து வரும் பயிரிடம் எதிர்பார்க்க வேண்டும். தொழுவுரமும் மடக்கி உழுத தழையும் உழவு எட்டும் ஆழத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. அதற்குக் கீழே, ஒரே ஆழத்தில் பல ஆண்டுகள் உழுததாலும் டிராக்டரின் பாரத்தாலும் இறுகிப்போன படுகை பல வயல்களில் காணப்படுகிறது. அறுவடைக்குச் சற்று முன்பு பயிரின் ஓரமாக முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதன் சுவரைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். நேராக இறங்கிவந்த வேர்கள் ஓரிடத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடினால், உங்கள் பயிர் வாடுவதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

குதிரைமசால் (லூசர்ன் எனும் தீவனப் பயிர்), துவரை போன்றவற்றின் ஆணிவேர் இந்தப் படுகையின் வெடிப்புகளிலும் ஈரமான இடங்களிலும் நுழைந்து கீழே செல்கிறது. அது மடிந்து மக்கியபின் 2 மி.மீ.க்கும் மேற்பட்ட அகலமுள்ள துளைகள் எஞ்சுகின்றன. அவற்றில் மண்புழுக்கள் ஏறி இறங்கித் தம் கழிவைச் சுவரில் பூசிவிடுகின்றன. தானே துளைத்துச் செல்ல வலுவில்லாத தானியப் பயிர்களின் சல்லிவேர்கள் இந்த வழியாகவே அடிமண்ணின் ஈரத்தையும் சத்தையும் எட்டுகின்றன. கரும்பழுப்புப் பூச்சு படிந்த துளைக்குள் வெள்ளை வேர் ஒன்று இறங்கியிருப்பதைக் குழியில் ஒருமுறை கண்டவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. மேல்மண்ணில் உள்ள துளைகளை ஓர் உழவே கலைத்துவிடும் என்றாலும், உழவு எட்டாத ஆழத்தில் உள்ளவை ஆண்டுக்கணக்கில் நிலைக்கும்.

கேள்வி: எந்தப் பயிரை, எவ்வளவு காலம் விட வேண்டும்?

பதில்: பூக்கும் தறுவாயில் மடக்கி உழப்படும் பசுந்தாள் பயிர் மேல்மண்ணுக்கு நல்லது, அடிமண்ணில் துளை உண்டாக்க அந்தக் காலம் போதாது. குதிரைமசாலை 2 அல்லது 3 ஆண்டுகள் விட்டுவைத்தால், ஓராண்டில் கிடைப்பதைவிடத் துளைகள் கூடும். ஆனால் நீர் தேங்கும் நிலமும் அமில மண்ணும் அதற்கு ஒவ்வா. அவ்வளவு காலம் வயலை ஒதுக்க இயலாதவர்கள் நீண்டகாலத் துவரையை ஊடுபயிராக விதைக்கலாம். துவரையின் வேரில் சுரக்கும் பிசிடிக் அமிலம், இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) விடுவிப்பது கூடுதல் ஆதாயம். முள்ளங்கியைப் பலர் புகழ்கிறார்கள். அதன் தடித்த கிழங்கைவிட, அதற்குக் கீழே செல்லும் மெல்லிய வேரே நமக்குப் பயன்படுவது என்பதால், கிழங்கின் பருமனைக் கண்டு மயங்க வேண்டாம்.

படுகை கல்லைப் போல் இறுகியிருந்தால் வேரை மட்டும் நம்பிப் பயனில்லை. மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் ஒருமுறை கீறிவிட்டு, தாமதமின்றி ஆழவேர்ப் பயிரை விதைக்க வேண்டும். ஈரத்தில் கீறினால் மண் உடையாமல் வழுவழுப்பாகிவிடும்.

கேள்வி: குதிரைமசாலை அறுத்துத் தீவனமாக விற்கலாமா?

பதில்: விற்கலாம், ஆனால் அதை மண்வளப் பணி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அடிமண்ணிலிருந்து வேர் திரட்டிய சாம்பல்சத்து (பொட்டாசியம்) தழையில்தான் சேர்கிறது; ஒரு டன் உலர்தீவனம் வயலை விட்டுப் போனால் ஏறத்தாழ 20 கிலோ பொட்டாசியம் அதனோடு போகிறது. தீவனம் உங்கள் மாடுகளுக்கே போகிறது என்றால், சாணத்தோடு கோமியமும் வயலுக்குத் திரும்புமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மாடு வெளியேற்றும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி கோமியத்தில்தான் இருக்கிறது. மாடு இல்லாதவர்கள் ஒன்றிரண்டு அறுப்புகளையாவது வயலிலேயே மூடாக்காகப் பரப்பிவிடலாம்.

கேள்வி: இப்பயிர்கள் அடிமண்ணின் நீரை உறிஞ்சித் தீர்த்துவிடாதா?

பதில்: குதிரைமசால் கட்டாயம் உறிஞ்சும். மழை குறைந்த பகுதிகளில் அதை அழித்த கையோடு அடுத்த பயிரை விதைத்தால், வழி திறந்திருந்தும் கீழே ஈரம் இருக்காது. ஆகவே மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அதை அழித்து, அடிமண் மீண்டும் நனைந்தபின் விதைப்பதே முறை.