ஆன்டெனா மேட்சிங்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சின்ன வயர்லெஸ் கருவிகளில் ஆன்டெனாவை ரேடியோவின் 50 ஓமுக்குப் பொருத்த (அதுதான் மேட்சிங்) போடும் இண்டக்டர், கெப்பாசிட்டர், ஸ்விட்ச் பற்றி எதையும் கேட்கலாம். பல வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. ஒரே நிபந்தனை, அளந்த எண் இல்லாமல் "என்ன வேல்யூ போடலாம்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: அண்ணா, தோப்பு மோட்டாரைத் தூரத்திலிருந்து போட 866 மெகாஹெர்ட்ஸில் லோரா (குறைந்த சக்தியில் தூரம் போகும் வயர்லெஸ்) கருவி செய்தேன். போர்டில் சுருள் கம்பி ஆன்டெனா. 200 மீட்டர் தாண்டவில்லை. நானோ விஎன்ஏவில் (ஆன்டெனா அளக்கும் கைக்கருவி) 18 − 40ஜே ஓம் காட்டுகிறது. என்ன போடுவது?

எண்ணோடு வந்த முதல் ஆள் நீங்கள்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 18 − 40ஜே என்றால் 18 ஓம் மின்தடை, கூடவே கெப்பாசிட்டர் மாதிரி 40 ஓம் ரியாக்டன்ஸ் (சக்தியைத் தின்னாத எதிர்ப்பு). அதனால் அனுப்பும் சக்தியில் சுமார் 42 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது. இதை 50 ஓமுக்குக் கொண்டுவர, ஆன்டெனாவுக்குத் தொடராக ஒரு இண்டக்டர், ரேடியோ பக்கம் கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர். கணக்குப்படி 11.8 நானோஹென்றியும் 4.9 பிக்கோஃபாரடும் வரும். கடையில் கிடைப்பது 12, 4.7. அதைப் போட்டு அளந்துவிட்டு, ஒரு படி மேலே கீழே மாற்றிப் பாருங்கள். போர்டின் பேட் (சால்டர் செய்யும் இடம்), ட்ராக் (செம்புக் கோடு) எல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், கணக்கு அப்படியே பலிக்காது.

இன்னொரு வழியும் உண்டு: தொடராக 2.9 நானோஹென்றி, கிரவுண்டுக்கு 6.9 நானோஹென்றி. கிரவுண்டுக்குப் போகும் இண்டக்டர் நிலைமின்சாரத்துக்கு நல்ல வடிகால். ஆனால் முதல் வழியில் இருக்கும் கெப்பாசிட்டர் ஹார்மோனிக்கையும் (இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்ணில் வரும் தேவையற்ற சிக்னல்) கொஞ்சம் அடக்கும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

இண்டக்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த 12 நானோஹென்றி 866இல் 65 ஓம் ரியாக்டன்ஸ். க்யூ (ரியாக்டன்ஸை உள் மின்தடையால் வகுத்த எண்) 25 உள்ள மல்டிலேயர் வகை என்றால் அதற்குள்ளேயே 2.6 ஓம் மின்தடை இருக்கிறது என்று பொருள். உங்கள் ஆன்டெனாவோ வெறும் 18 ஓம். கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு சக்தி அந்தக் குட்டிப் பொருளைச் சூடாக்கவே போய்விடும். கம்பி சுற்றிய வகையில் க்யூ 60 கிடைத்தால் இழப்பு பாதிக்கும் கீழே.

இப்போது கசப்பான விஷயம். இதையெல்லாம் கச்சிதமாகச் செய்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 2.4 டெசிபல்தான். வெட்டவெளியிலேயே 200 மீட்டர் 260 ஆகும், தென்னைகளுக்கு நடுவே அதுவும் கிடைக்காது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கருவியை எங்கே, எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள்? அளந்தது மேசையில் வைத்தா?

பெயர் சொல்லாதவர்: சார், சர்க்யூட் படம் அனுப்பியிருக்கிறேன். பை நெட்வொர்க்கில் என்ன வேல்யூ?

அளந்து வாருங்கள்.

சென்னை மாணவர்: பை நெட்வொர்க்கில் அளக்க கேபிளை எங்கே சால்டர் செய்வது?

நல்ல கேள்வி. பை நெட்வொர்க் என்றால் நடுவில் தொடராக ஒன்று, இரு பக்கமும் கிரவுண்டுக்கு ஒவ்வொன்று. மூன்று பொருளையும் கழற்றுங்கள். மெல்லிய கோஆக்ஸின் நடுக்கம்பி, தொடர் பேடின் ரேடியோ பக்க முனையில். மேலுறை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் கிரவுண்டில் உட்கார வேண்டும், அதை வால் மாதிரி இழுத்துவிட்டால் அந்த வாலும் இண்டக்டர்தான். ரேடியோ சிப்புக்குப் போகும் ட்ராக் அறுந்திருக்க வேண்டும். தொடர் பேட் திறந்திருக்கும்போது ஸ்மித் சார்ட்டில் (விஎன்ஏ திரையில் வரும் வட்டப் படம்) புள்ளி வலது ஓரத்துக்கு வரும்வரை எலக்ட்ரிக்கல் டிலேயை (கேபிள் நீளத்தைக் கழிக்கும் அமைப்பு) திருப்புங்கள். பிறகு தொடர் பேடில் பூஜ்ய ஓம் ரெசிஸ்டர் போட்டு அளவு எடுங்கள். கேபிளைக் கையால் தடவும்போது கோடு ஆடினால் கேபிளே ஆன்டெனாவாகிவிட்டது, போர்டை ஒட்டி ஃபெரைட் மணி கோர்க்கவும்.

அப்புறம், இந்த வேலை முழுக்கப் பேட்டரி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் மாட்டிய நிலையில் நடக்க வேண்டும். மூடி போட்டாலே அதிர்வெண் கீழே இறங்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: நாற்பது கருவிகளை மூடி இல்லாமல் ட்யூன் செய்து அனுப்பி, நாற்பதும் திரும்பி வந்தன.

மதுரையிலிருந்து: பழைய நானோ விஎன்ஏவால் ப்ளூடூத் ஆன்டெனா பார்க்கலாமா?

முடியாது. அது 900 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான கருவி, ப்ளூடூத் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில். 3 கிகாஹெர்ட்ஸ் போகும் வி2 வாங்குங்கள்.

வேறொருவர்: படம் பார்த்து வேல்யூ சொல்ல முடியுமா?

மேலே பாருங்கள்.

ஹாம் உரிமம் உள்ளவர்: எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பும் அளவு) −12 டெசிபல் வந்தால் போதும் என்று எங்கும் சொல்லி வருகிறீர்கள். முப்பது வருடமாக எஸ்டபிள்யூஆர் (அதே திரும்புதலுக்கு இன்னொரு அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1க்கு மேல் நான் விட்டதில்லை. இளைஞர்களைச் சோம்பேறியாக்காதீர்கள்.

சரி, கணக்குக்கே வருவோம் ஐயா. −12இல் திரும்புவது 6.3 சதவீதம், இழப்பு 0.28 டெசிபல். நீங்கள் சொல்லும் 1.1இல் இழப்பு 0.01. ஆக நாம் சண்டை போடுவது கால் டெசிபலுக்காக. அதைப் பிடிக்க இன்னும் இரண்டு பொருள் போட்டால் அவையே அதற்கு மேல் தின்றுவிடும். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் ரெசிஸ்டரை (டம்மி லோட்) மாட்டிப் பாருங்கள், எஸ்டபிள்யூஆர் அருமையாக வரும், ஒரு ஈ கூட சிக்னல் கேட்காது.

அவரே: டம்மி லோட் கதை எனக்கும் தெரியும். மேட்ச் ஆகாவிட்டால் டிரான்ஸ்மிட்டர் பவரைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு என்ன பதில்?

100 வாட் ரேடியோவில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இருபது மில்லிவாட் சிப் −12இல் கவலைப்படாது. சின்ன ஆன்டெனாவில் வேறு சிக்கல். ஆன்டெனா ஆய்வாளர்கள் வீலர் 1947இலும் சூ 1948இலும் காட்டியதுதான், அளவு சுருங்கினால் பேண்ட்வித்தும் சுருங்கும். ஒரே புள்ளியில் −30 வரை குழி தோண்டினால், கை பட்டதும் அந்தக் குழி பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்துவிடும். எனக்கு அகலமான −10 போதும். அதே நேரம், சுண்டு விரல் நக அளவு ஆன்டெனா 300 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அழகாக மேட்ச் ஆனால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே எதுவோ சக்தியை விழுங்குகிறது.

அவரே: விழுங்குகிறதா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத்தான் காத்திருந்தேன். வீலர் மூடி. 866க்குச் சுமார் 6 சென்டிமீட்டர் ஆரமுள்ள தகர டப்பா போதும், பிஸ்கட் டப்பா நன்றாக இருக்கும். விளிம்பு போர்டின் கிரவுண்டைத் தொடும்படி ஆன்டெனா மேல் கவிழ்த்துங்கள். டப்பாவுக்குள் கதிர்வீச்சு வெளியேற வழியில்லை, அதனால் நல்ல ஆன்டெனாவின் எஸ்11 பூஜ்ய டெசிபலை, அதாவது எல்லாம் திரும்பி வரும் நிலையை, நோக்கி ஓடும். கவிழ்த்த பிறகும் கோடு அசையாமல் நின்றால் சக்தி முன்பும் வெளியே போகவில்லை. துல்லியமான எண் கிடைக்காது, ஆனால் மோசமானதைக் காட்டிக்கொடுக்கும்.

அவரே: முயன்று பார்க்கிறேன். 1.1ஐ விடமாட்டேன்.

விடவேண்டாம் ஐயா.

திருச்சியிலிருந்து: செல்போனில் இருக்கும் ஆன்டெனா ட்யூனரும் இதே மாதிரிதானா?

பாதி. ரேடியோ பக்கம் உட்கார்ந்து ஓமைச் சரிசெய்வது ஒரு வகை. இன்னொன்று ஆன்டெனா உடம்பிலேயே ஒரு இடத்தில் ஸ்விட்ச் வைத்து, வெவ்வேறு இண்டக்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இணைத்து, அதன் அதிர்வெண்ணையே நகர்த்துவது. அதை அபெர்ச்சர் ட்யூனிங் என்பார்கள். 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி முதல் 960 வரை ஒரே உலோக விளிம்பு மொத்தமாகத் தாங்காது, அதனால் அந்தந்த நேரத்துக்கு வேண்டிய துண்டுக்கு மாற்றிக்கொள்கிறது. அங்கே ஸ்விட்சின் ஆன் மின்தடையும் ஆஃப் கெப்பாசிட்டன்ஸும்தான் எல்லாம்.

ஈரோட்டிலிருந்து: போனுக்குப் பின்னால் ஒட்டும் சிக்னல் ஸ்டிக்கர்?

காசுக்குக் கேடு.

இன்னொருவர்: சார், 2.4 கிகா பை நெட்வொர்க்குக்குப் பொதுவாக என்ன வேல்யூ...

பொதுவாக என்று ஒன்று கிடையாது! அங்கே 1 பிக்கோஃபாரடே 65 ஓம். அரை பிக்கோ மாறினால் எல்லாம் மாறும். அளக்க முடியாதென்றால் ஏற்கெனவே ட்யூன் செய்த மாட்யூல் வாங்குங்கள், ஆன்டெனா முனை போர்டுக்கு வெளியே நீட்டியிருக்கட்டும், அடியில் காப்பர் வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து மீண்டும்: அண்ணா, மேசையில் வைத்துத்தான் அளந்தேன். தோப்பில் ஸ்டார்ட்டர் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், மழைக்காக.

தம்பி, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். பிஸ்கட் டப்பா சோதனையைத் தினமும் நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள். கருவியைப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, மோட்டார் அறைச் சுவரில் வெளிப்பக்கம் உயரமாக மாட்டுங்கள், பிறகு அந்தப் பெட்டியோடு சேர்த்து அளந்து புது எண்ணை அனுப்புங்கள். 12 நானோஹென்றி அதுவரை கவரிலேயே இருக்கட்டும்.