பினாங்கு வெப்பத்திற்கு ஏற்ற சமையலறைக் குறிப்புகள்

புதிதாகச் சமைக்கத் தொடங்கும் ஒருவருக்கு அன்றாடம் கைகொடுக்கும் குறிப்புகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் மலேசியாவின் பினாங்குத் தீவில் குடியிருப்பதால், இங்குள்ள சமையலறைக்குப் பொருந்துபவற்றையே சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் குறிப்புகள் நல்லவையே. ஆயினும் ஆண்டு முழுவதும் பகலில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பமும் ஓயாத ஈரக்காற்றும் உள்ள நம் தீவில், அவற்றைச் சற்று மாற்றியே கையாள வேண்டும்.

முதலாவது தோசை மாவு. இரவு முழுவதும் புளிக்க விடும் வழக்கத்தை இங்கு அப்படியே பின்பற்றினால், காலையில் மாவு பொங்கி வழிந்து, வாயில் வைக்க முடியாத அளவுக்குப் புளித்திருக்கும். பெரும்பாலும் ஐந்தாறு மணி நேரமே போதும். உளுந்தைக் குளிர்பதனப் பெட்டியில் ஊறவைத்து, குளிர்ந்த நீரையே தெளித்து அரையுங்கள்; மிக்சியின் சூடு ஏறிய மாவு இன்னும் விரைவாகப் புளித்துவிடும். உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும் என்பதால், குளிர் நாடுகளில் இருப்போர் அதைக் கடைசியில் சேர்ப்பார்கள். நாம் அரைத்தவுடன் சேர்ப்பதே நல்லது. கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள். ஓரத்தில் கரண்டியால் மெல்ல விலக்கும்போது உள்ளே வலைபோல் குமிழ்கள் தெரிந்தால், அந்த நேரமே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இட்லிக்கு எடுக்கும்போது அடிவரை கலக்காமல் மேலாக அள்ளினால், அந்தக் குமிழ்கள் உடையாமல் இட்லி மெத்தென்று வரும்.

அடுத்தது தேங்காய்ப்பால். சந்தையில் பிழிந்து வாங்கும் பால் வெளியில் இருந்தால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அன்றைக்கு வேண்டியதுபோக மீதியை ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தால், தேவைப்படும்போது இரண்டு மூன்று கட்டிகளை எடுத்துக் குழம்பில் போடலாம். மீன் குழம்பில் புளியையும் மசாலாவையும் இரண்டாம் பாலில் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, மீன் வெந்தபின் கெட்டியான முதல் பாலைச் சேர்த்து, சிறு தீயில் கிளறி, தளதளவென்று கொதிக்கும் முன்பே அடுப்பை அணையுங்கள். கொழுப்பைப் பிரியாமல் வைத்திருக்கும் புரதம் கடுஞ்சூட்டில் திரண்டுவிடுவதால்தான் பால் திரிகிறது. (ரெண்டாங் என்னும் மலாய் இறைச்சிக் கறியில் எண்ணெய் பிரிவதே பக்குவம், அங்கே இந்த விதி செல்லாது.)

இங்குள்ள இந்தியக் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவில் மசாலாத் தூள் வாங்கும்போது, விலை மலிவு என்று கிலோக் கணக்கில் வாங்காதீர்கள். ஆவி பறக்கும் சட்டிக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவதும் கூடாது. அந்த ஆவியே உள்ளே புகுந்து தூளைக் கட்டியாக்கிவிடும். ஈரமில்லாத கரண்டியால் எடுப்பதே முறை. கறிவேப்பிலையைக் கழுவினால், நன்றாக உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

மீந்த சோற்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்வேன். சோறு வெந்தபின்னும் பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் அழியாமல் இருக்கக்கூடும். வெப்பமான அறையில் அவை முளைத்து உண்டாக்கும் நச்சில் ஒருவகை, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஈரம் வற்றி உதிரியாகும் அந்தச் சோறு, மறுநாள் நாசி கோரெங் என்னும் வறுத்த சோற்றுக்குப் புதுச் சோற்றைவிடப் பொருத்தமாக இருக்கும்.