ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பெற்றோரின் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். 8 கிலோமீட்டர் தள்ளி டவுனில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கேயே பத்தாவது வரை உள்ள அரசு உதவிபெறும் பள்ளியும் உண்டு. 24 கிலோமீட்டரில் ஒரு மெட்ரிக் பள்ளி. வேன் காலை 6.40-க்கு வரும். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நகையை அடகு வைத்தாவது மெட்ரிக்கில் சேர்த்துவிடலாம், இங்கிலீஷ் வராமல் போனால் பிள்ளை வாழ்க்கையே போச்சு என்கிறார் மாமியார். எதில் சேர்ப்பது அம்மா?

பதில்: உங்கள் கடிதத்தில் அந்த 6.40-ஐத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்து வயதுப் பிள்ளை அந்த வேனைப் பிடிக்க ஐந்தரைக்கே எழ வேண்டும். சாயந்திரம் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். நான் 32 வருஷம் கணக்கு எடுத்தவள். முதல் பீரியடில் கண் சொருகும் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தால், பெரும்பாலும் தூரத்து ஊராக இருக்கும். இதைத் திட்டித் திருத்த முடியாது, அது தூக்கம்.

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டவுனில் இருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேருங்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று அதை விரித்தார்கள். இப்படி இடம் கிடைக்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இடையில் ஒரே ஒரு வருஷம் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பினாலும் அந்தத் தகுதி போய்விடும். 'ஆறாவது, ஏழாவது மட்டும் மெட்ரிக்கில் படிக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று நினைத்த பெற்றோர் பன்னிரண்டாவது முடிந்த பிறகு என் முன்னால் வந்து அழுதிருக்கிறார்கள். நீங்கள் எடுப்பது ஏழு வருஷத்துக்கான முடிவு. கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்து அரசுப் பள்ளிப் படிப்பு கணக்கில் வருகிறது. உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அந்த ஆயிரம் உண்டு, ஆனால் 7.5 சதவீதம் அவர்களுக்குக் கிடையாது. பத்தாவதோடு நின்றுவிடும் பள்ளி என்றால், பதினைந்து வயதில் பெண்ணுக்கு மறுபடியும் பள்ளி தேட வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல பெண்களின் படிப்பு நின்றது அந்த இடத்தில்தான்.

சரி, இப்போது இங்கிலீஷ். 2011-12 முதல் மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே சமச்சீர்ப் பாடத்திட்டம்தான். பத்தாவது பொதுத்தேர்வும் ஒன்றுதான். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் தமிழ் வழியிலேயே விடுவேன். கணக்கிலும் அறிவியலிலும் அவளுக்குப் புரிதல் வரட்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. இங்கிலீஷுக்குத் தினமும் இருபது நிமிஷம், அவளுடைய ஆங்கிலப் பாடப் புத்தகத்தையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்பதற்காகவே அவள் வாசிப்பாள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள். காலை வழிபாட்டு நேரத்தில் எல்லாப் பள்ளியும் ஒழுங்காகத்தான் இருக்கும். மதியம் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குப் போங்கள். நேராகக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே வாளியும் மக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்காவது பீரியடில் மயங்கி விழுந்தாள். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தால், அம்மா காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே மூடிகூடத் திறக்காமல் இருந்தது. "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் டீச்சர்" என்றாள். உள்ளே தாழ்ப்பாள் உடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் தினமும் அந்த வராண்டாவில்தான் நடந்துகொண்டிருந்தேன். அன்று சாயந்திரமே தச்சரை வரவழைத்தேன். ஆனால் அந்தப் பாட்டில் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்புறம் தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா? பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது? பதிலில் குறை தெரிந்தால் பயந்து ஓடிவிட வேண்டாம். சேர்ந்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்களே உறுப்பினராகுங்கள். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. தலைவர் பதவியே ஒரு தாய்க்குக் கிடைக்கும்.

உங்கள் மாமியாரிடம் கோபப்படாதீர்கள். பேத்திக்காக நகையைக் கழற்றித் தரத் துணியும் மனசு அது. பள்ளியைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கல்வி உரிமைச் சட்டத்தில் கட்டணமில்லாமல் தனியார் பள்ளியில் படிக்கும் என் மகன் எட்டாவது முடிக்கிறான். ஒன்பதுக்கு முழுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்ட வசதியில்லை. இத்தனை வருஷம் இருந்த பள்ளியை விட்டு எடுத்தால் அவன் மனம் ஒடிந்துவிடுமா?

பதில்: அந்தச் சட்டம் எட்டாவதோடு முடிகிறது. இதைப் பலர் ஒன்பதுக்குப் போகும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். கடன் வாங்காதீர்கள். எட்டு வரை இந்தச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு.

மகன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். இருக்கட்டும். கட்ட முடியாததைக் கட்ட முடியாது என்று அவனிடம் நேராகவே சொல்லுங்கள். பதின்மூன்று வயதுக்கு அது புரியும். பழைய நண்பர்களை ஞாயிற்றுக்கிழமை விளையாட வரச் சொல்லுங்கள். டி.சி. வாங்கும்போது, அவன் இந்தச் சட்டத்தின் கீழ்தான் படித்தான் என்று பள்ளி லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரையோடு ஒரு சான்றும் கேட்டு வாங்குங்கள். நான்கு வருஷம் கழித்து அந்தக் காகிதத்தைத் தேடி அலையக் கூடாது.